பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை

இலங்கையிலே ஒரு பிள்ளை எந்த வகுப்பிற் படிக்கிறது என்று வினவினால், 'தரம் ஐந்து' என்றோ 'தரம் எட்டு' என்றோ இன்று விடை வரும். முன்னைய தலைமுறையினர் இதனையே 'ஐந்தாம் ஸ்ராண்டட்', 'எட்டாம் ஸ்ராண்டட்' என்று வழங்கினர். ஆண்டுக்கு ஒரு படியாகப் பிள்ளை ஏறிச் செல்லும் ஏணியைக் குறிக்கும் இவ்வழக்கு, கல்வியறிஞர் கூடி ஆராய்ந்து அமைத்ததன்று. அரசாங்கத்தின் பணத்தை எந்தப் பிள்ளையின் பொருட்டு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காக 1862ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு விதிக்கோவை வழியாக அது பாடசாலைக்குள் நுழைந்தது. எண்கணிதம் எவ்வளவு தெரிந்தாற் போதும் என்பதையும், தெரிந்துள்ளதா என்பதை எப்படி அளப்பது என்பதையும் ஒரு நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுத்த முயற்சி அது. அம்முயற்சியின் வரலாறு கல்வியில் அக்கறையுள்ள யாவரும் அறியத்தக்கது.

இங்கிலாந்திலே ஏழை மக்களின் பிள்ளைகளுக்கான ஆரம்பப் பாடசாலைகளைச் சமயச் சங்கங்களே பெரும்பாலும் நடத்தி வந்தன. 1833ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் முதன் முதலாகப் பாடசாலைக் கட்டடங்களுக்கென 20,000 பவுண் ஒதுக்கியது. 1839இல் கல்விக்கென ஒரு குழு அமைக்கப்பட்டு, கே-சட்டில்வோத் என்பவர் அதன் முதற் செயலாளரானார். கொடுத்த பணம் நன்கு பயன்படுகிறதா என்று பார்ப்பதற்கு வித்தியாதரிசிகள் நியமிக்கப்பட்டனர். ஆசிரியர் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் பின்னர் உதவி வழங்கப்பட்டது. இருபதினாயிரத்திலே தொடங்கிய தொகை, 1861ஆம் ஆண்டளவில் 8 இலட்சம் பவுணைத் தாண்டிவிட்டது. கிரைமிய யுத்தத்தின் செலவைச் சுமந்து நின்ற நாட்டிலே, இவ்வளவு பணத்துக்கு என்ன பயன் கிடைத்தது என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

அக்கேள்விக்கு விடை காணும்படி 1858ஆம் ஆண்டு நியூகாசில் கோமகனைத் தலைவராகக் கொண்டு ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அது 1861இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஆசிரியர்கள் தம் கவனத்தை மேல்வகுப்பிலுள்ள சில கெட்டிக்காரப் பிள்ளைகள் மீதே செலுத்துகிறார்கள். வித்தியாதரிசி வரும்போது அப்பிள்ளைகளை முன்னிறுத்திப் பெருமை பெறுகிறார்கள். கீழ்வகுப்பிலுள்ள பெருந்தொகையினரோ எழுத்தும் எண்ணும் சரிவரக் கல்லாமலே பதினொரு வயதுக்கு முன்னோ பின்னோ பாடசாலையை விட்டு நீங்குகிறார்கள் என்பது அவ்வறிக்கையின் முக்கியமான குறைபாடு. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பரீட்சித்து, அப்பெறுபேற்றை ஒட்டிப் பணம் வழங்கலாம் என்ற யோசனையும் அவ்வாணைக்குழுவினுடையதே.

இக்குறை கற்பனையன்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் வந்த விதிக்கோவையைப் பலர் கொடுமையென்று கண்டித்தனர். ஆயினும் அதற்கு முன்னிருந்த நிலையிலே, கூட்டத்தின் நடுவே கவனிப்பாரற்று அமர்ந்திருந்த பிள்ளைக்கும் ஒரு நியாயம் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுக்குக் கணக்குத் தெரியுமா என்று முதன்முதலிற் கேட்டது இவ்விதிக்கோவைதான்.

அக்காலத்திலே கல்விக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர் றொபேட் லோ. கூரிய அறிவும் அதனினும் கூரிய நாவும் படைத்தவர். சந்தையின் போட்டியே எதனையும் செம்மைப்படுத்தும் என்ற கொள்கையிலே ஊறியவர். தமது திட்டம் சிக்கனமானதா பயனுடையதா என்று தாம் உறுதி கூற இயலாதெனினும், சிக்கனமாக அமையாவிடிற் பயனுடையதாகவும், பயனுடையதாக அமையாவிடிற் சிக்கனமாகவும் அது இருக்கும் என்று 1862ஆம் ஆண்டு பாராளுமன்றத்திலே அவர் கூறினார். விளைவு கிடைத்தாற் பணம், கிடையாவிடிற் பணமில்லை என்பதே அதன் சாரம். இங்ஙனம் பிறந்தது 'திருத்திய விதிக்கோவை'. 'பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை' என்று அம்முறை பெயர் பெற்றது.

அதன் கணக்கு மிகத் தெளிவானது. சராசரி வரவை ஒட்டி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 சிலிங் கிடைக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்டு, காலையோ மாலையோ 200 முறைக்கு மேல் வரவு தந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 8 சிலிங் கிடைக்கலாம். ஆனால் அந்த 8 சிலிங்கும் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்ற மூன்று பரீட்சைகளிலும் தேறினால் மாத்திரமே முழுமையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் தவறுவதற்கு 2 சிலிங் 8 பென்ஸ் வீதம் கழிக்கப்படும். நூறு பிள்ளைகளைப் பரீட்சைக்கு விடும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோமாயின், அனைவரும் மூன்றிலும் தேறினால் 40 பவுண் வரும். அவர்களுள் 30 பேர் கணக்கில் மட்டும் தவறினால் 4 பவுண் குறையும். ஆசிரியரின் சம்பளத்துக்கு இப்பணத்தையே நம்பியிருந்த ஊர்ப் பாடசாலைக்கு நாலு பவுண் பெருந்தொகை. ஒரு சிறுவன் சிலேட்டிலே எழுதும் ஓர் இலக்கத்திலே ஆசிரியரின் உணவு தங்கிவிட்டது.

எது தெரிந்தால் தேறியதாகக் கொள்வது என்பதற்கு ஆறு படிகள் வகுக்கப்பட்டன. அவையே 'ஸ்ராண்டட்' எனப்பட்டன. எண்கணிதத்தில் முதலாம் படியினர் இருபது வரையுள்ள இலக்கங்களைச் சொல்லக் கேட்டு எழுதவும், கண்டு சொல்லவும், பத்து வரையுள்ள எண்களை வாய்க்கணக்காகக் கூட்டவும் கழிக்கவும் வேண்டும். இரண்டாம் படிக்குக் கூட்டலிலோ கழித்தலிலோ ஒரு கணக்கும் பெருக்கல் வாய்பாடும். மூன்றாம் படிக்குச் சிறுவகுத்தல் வரையிலான விதிகளுள் ஏதேனும் ஒன்றில் ஒரு கணக்கு. நாலாம் படிக்குப் பவுண், சிலிங், பென்ஸ் கொண்ட பணக் கணக்கு. ஐந்தாம் படிக்கு வழக்கிலுள்ள நிறுத்தல், முகத்தல், நீட்டல் அளவைக் கணக்கு. ஆறாம் படிக்குக் கடைச் சிட்டைக் கணக்கு அல்லது பங்குமுறைக் கணக்கு.

முதல் வரைவிலே பிள்ளைகளை வயதின்படி வகுத்துப் பரீட்சிக்கவே எண்ணியிருந்தனர். எதிர்ப்பு வலுக்கவே அது கைவிடப்பட்டு, வயதைப் பாராமல் அறிவின் அளவை மட்டும் பார்க்கும் படிகள் அமைந்தன. இது நல்ல திருத்தம். எனினும், ஒரு படியிற் பரீட்சிக்கப்பட்ட பிள்ளையை மறுமுறை அதே படிக்கு விடலாகாது என்று வேறொரு விதி இருந்தது. தேறினும் தவறினும் அடுத்த ஆண்டு அடுத்த படிக்கே விட வேண்டும். ஆகவே அறிவின் அளவுகோலாகத் தொடங்கிய படி, நாளடைவில் ஆண்டின் பெயராகி, வகுப்பின் பெயராகிவிட்டது. கழித்தல் விளங்காத பிள்ளையும் வகுத்தலுக்குச் சென்றது. வகுத்தலை முன்பே அறிந்த பிள்ளை ஆண்டு முழுவதும் அதனையே செய்து கொண்டிருந்தது.

அளவுகோல் எதனை அளந்தது, எதனை அளக்கத் தவறியது என்பதை ஆறாம் படியின் பங்குமுறைக் கணக்கு ஒன்றாலே தெளியலாம். ஒரு யார் துணியின் விலை 2 சிலிங் 6 பென்ஸ். 48 யார் துணியின் விலை என்ன? பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண். ஆகவே 2 சிலிங் 6 பென்ஸ் என்பது ஒரு பவுணில் எட்டிலொரு பங்கு. தமிழ் வழக்கிலே அரைக்கால். நாற்பத்தெட்டின் அரைக்கால் ஆறு. விடை 6 பவுண். இந்த உறவைக் கண்ட பிள்ளைக்குத் தாளும் வேண்டியதில்லை. இன்னொரு பிள்ளையோ, யாவற்றையும் பென்ஸாக மாற்றி, முப்பதை நாற்பத்தெட்டாற் பெருக்கி, 1,440ஐப் பன்னிரண்டாலும் பின் இருபதாலும் வகுத்து அதே ஆறு பவுணை அடையும். மூன்றாவது பிள்ளை, பக்கத்திலிருந்தவனின் சிலேட்டை ஓரக்கண்ணாற் பார்த்து ஆறு என்று எழுதும். நாலாவது பிள்ளை எட்டிலொரு பங்கு என்று சரியாகக் கண்டு, வகுக்கும்போது தவறி ஐந்து என்று எழுதும். வித்தியாதரிசியின் ஏட்டிலே முதல் மூவரும் ஒரே நிலையினர். நாலாமவன் 2 சிலிங் 8 பென்ஸ் நட்டம். எவன் எதனை விளங்கிக்கொண்டான் என்று அந்த ஏடு சொல்லாது.

பரீட்சையின் மறுவிளைவுகள் விரைவிலே தோன்றின. வாசிப்புப் பரீட்சைக்குப் பாடசாலையில் வழங்கிய புத்தகத்திலிருந்தே பகுதி எடுக்கப்பட்டமையால், புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்துவிட்டனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையின்றி 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் பல வழங்குகின்றன. கணக்கை அப்படி மனப்பாடஞ் செய்ய இயலாது, எண்கள் மாறிக்கொண்டேயிருக்கும். அதனாலேதான் மூன்று பாடங்களுள்ளும் கணக்கிலே தவறியோர் தொகை மிகுந்திருந்தது. ஆகவே எண்களை மனப்பாடஞ் செய்ய முடியாத இடத்திலே செய்முறை மனப்பாடமாயிற்று. ஒரு படிக்கு ஒரு விதி. அவ்விதியில் ஒரு கணக்கு. அக்கணக்கு எந்த உருவில் வருமோ அந்த உருவிலே நாள்தோறும் பயிற்சி. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று விளக்குவதற்குச் செலவிடும் நேரத்துக்கு நன்கொடை இல்லை. சொற்களால் அமைந்த ஒரு கணக்கைப் படித்து, எந்த விதியைப் பயன்படுத்துவது என்று பிள்ளையே தீர்மானிக்கும் பயிற்சிக்கும் நன்கொடை இல்லை. பணம் கிடையாத வரலாறு, பூமிசாத்திரம், இலக்கணம் ஆகியன பல பாடசாலைகளில் மெலிந்து போயின.

இதனை அக்காலத்திலேயே உணர்ந்து எழுதியவர் கவிஞரும் திறனாய்வாளருமான மத்தியூ ஆணல்ட். 1851 முதல் 1886 வரை வித்தியாதரிசியாகப் பணியாற்றி, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைப் பரீட்சித்தவர் அவர். வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உண்மையில் அறியாத பிள்ளைகளை, தந்திரமான ஆயத்தத்தினால் அம்மூன்று பரீட்சைகளிலும் தேறச் செய்வது இயலக்கூடியதாகிவிட்டது என்று தம் உத்தியோக அறிக்கையிலேயே அவர் பதிவு செய்தார். தம்மைச் சம்பளத்துக்கு அமர்த்திய அரசாங்கத்தின் கொள்கையை அதன் அறிக்கையிலேயே மறுக்கும் துணிவு எளிதன்று. அவருடைய கருத்திலே, வித்தியாதரிசி முன்பு ஒரு பாடசாலையின் அறிவு வாழ்க்கையை நோக்க வந்தார். இப்பொழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே அடையாளமிடும் கணக்காளராக வருகிறார்.

அரசாங்கத்தின் செலவோ குறைந்தது. 1861இல் சுமார் 8,13,000 பவுணாக இருந்த நன்கொடை, 1865இல் சுமார் 6,37,000 பவுணாயிற்று. றொபேட் லோ கூறிய இரண்டினுள் சிக்கனம் கைகூடிற்று என்பதில் ஐயமில்லை.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை மாகாணத்திலே பெறுபேற்று நன்கொடை நெடுங்காலம் வழங்கிற்று. இலங்கையிலே 1869ஆம் ஆண்டு பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு இதே முறை கையாளப்பட்டது. மிஷன் பாடசாலையாயினும் சைவப் பாடசாலையாயினும் நன்கொடை வேண்டுமானால் வித்தியாதரிசியின் பரீட்சைக்குப் பிள்ளைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. 'ஸ்ராண்டட்' என்ற சொல் இந்நாட்டிலே வேரூன்றியது இவ்வழியேயாம். இங்கிலாந்தின் நாலாம் படி, பன்னிரண்டாலும் இருபதாலும் மாற்றிக் கணக்கிடும் பணத்தை வைத்து அமைந்தது. இலங்கையிலோ 1872ஆம் ஆண்டு தொடக்கம் நூறு சதம் ஒரு ரூபா என்ற நாணய முறை வந்தது. ஒரு நாட்டின் கடைத்தெருவை எண்ணி வகுத்த அளவு இன்னொரு நாட்டின் கடைத்தெருவுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு இஃது எளிய சான்று.

தாய்நாட்டிலே எதிர்ப்பு ஓயவில்லை. 1870இல் தோன்றிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் தேசிய சங்கம் இதனை ஒழிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அரசாங்கமும் குறையை உணராமலில்லை. ஆயினும் அது கண்ட மருந்து மேலும் விதிகளே. வேறு பாடங்களுக்கும் பரீட்சையும் பணமும் சேர்க்கப்பட்டன. 1882இல் ஏழாம் படியொன்று தோன்றியது. பாடசாலையின் பொதுத் தகுதிக்கென ஒரு நன்கொடையும் அதனோடு வந்தது. முடிவிலே 1890இல் மூன்று அடிப்படைப் பாடங்களுக்கும் பிள்ளைவாரியாகப் பணம் கணக்கிடும் வழக்கம் நீக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டளவில் அம்முறை முற்றாக மறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அது நிலைத்திருந்தது.

விதி மறைந்தாலும் பழக்கம் மறையவில்லை. ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம வித்தியாதரிசியாக இருந்து இளைப்பாறிய எட்மண்ட் ஹோம்ஸ் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக ஆராய்ந்தார். கண்ணாற் காணத்தக்க, எண்ணால் அளக்கத்தக்க வெளிப்பயனையே ஒரு தலைமுறை ஆசிரியரிடம் அரசாங்கம் கேட்டு வந்தமையால், பிள்ளையின் உள்ளே நிகழும் வளர்ச்சியை நோக்கும் ஆற்றலை ஆசிரியர் இழந்துவிட்டனர் என்பது அவர் முடிபு. விலங்கைக் கழற்றிய பின்னும் பழைய நடையிலேயே நடப்பவரைப் போல, பரீட்சை இல்லாத பாடசாலையிலும் பரீட்சைக்குரிய போதனையே நடந்தது. அம்முறையைச் செயற்படுத்தியவர்களுள் ஒருவராகத் தம்மையும் சேர்த்தே அவர் இதனை எழுதினார்.

இவ்வரலாறு அத்துடன் முடிந்ததென்று கூறுவதற்கில்லை. 1982ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பாடசாலைக் கணிதத்தை ஆராய்ந்த கொக்குறொவ்ற் குழு ஓர் எளிய உதாரணம் காட்டிற்று. 6399 என்ற எண்ணிலும் ஒன்று கூடிய எண்ணை எழுதுக என்றால், சராசரிப் பிள்ளை பதினொரு வயதிற் சரியாக எழுதும். ஆனால் ஏழு வயதிலேயே எழுதும் பிள்ளைகளும் உண்டு. பதினாலு வயதாகியும் எழுத இயலாத பிள்ளைகளும் உண்டு. ஒரே வகுப்பறையிலே ஏழாண்டு வேற்றுமை இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். ஆண்டுக்கு ஒரு படி என்ற 1862ஆம் ஆண்டின் ஏணி எதனை மறைத்தது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தினால் இங்கிலாந்திலே தேசிய பாடவிதானமும், ஏழு, பதினொன்று, பதினாலு வயதுகளிலே கணிதம் முதலிய பாடங்களில் தேசிய மதிப்பீடுகளும் ஏற்பட்டன. வயதைக் கட்டாயமாக்காத பத்து அறிவு நிலைகளும் வகுக்கப்பட்டன. இம்முறை பிள்ளைவாரியாகச் சிலிங் கொடுக்கவில்லை. பின்னர் பாடசாலைகளின் பெறுபேறுகள் வரிசைப் பட்டியலாக வெளிவந்தன. பணத்தின் இடத்தைப் பெயர் பிடித்துக்கொண்டது. பட்டியலிற் கீழிறங்கும் அச்சம், பரீட்சைக்கு வேண்டியதையே போதிக்கும் பழைய வழிக்கு மீண்டும் இடமளித்தது. பதினாலு வயதினரின் தேசிய பரீட்சை 2008இல் நிறுத்தப்பட்டது. அறிவு நிலைகள் 2014இல் நீக்கப்பட்டன.

இதற்கிடையில் 1998ஆம் ஆண்டிலே இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த போல் பிளக், டிலன் வில்லியம் என்னும் இருவரும் மதிப்பீடு பற்றிய இருநூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பாடம் நடக்கும்போதே பிள்ளையின் விளக்கத்தை அறிந்து, பிழை எங்கே பிறந்தது என்று காட்டி, அதற்கேற்பப் போதனையை மாற்றும் ஆசிரியரின் வகுப்பிலே கற்றல் உயர்கிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதனாற் சிறப்பாக நன்மையுண்டு என்றும் அவர்கள் கண்டனர். நியூகாசில் ஆணைக்குழு கவலைப்பட்டதும் இப்பிள்ளைகளைப் பற்றித்தான். அவர்களை அடைவதற்குரிய வழி, ஆண்டுக்கொருமுறை வரும் வித்தியாதரிசியின் ஏட்டிலும் பார்க்க, நாள்தோறும் சிலேட்டைக் குனிந்து நோக்கும் ஆசிரியரின் கண்ணிலேயே இருந்தது.

அளத்தல் குற்றமன்று. அளவின்றித் தரமில்லை, பொதுப்பணத்தைச் செலவிடும் அரசாங்கம் அதன் பயனை வினவுவதும் முறையே. ஆயினும், பாடசாலை தன் கடமையைச் செய்ததா என்பது ஒரு கேள்வி; இந்தப் பிள்ளை எதனை விளங்கிக்கொண்டது, எங்கே தடுமாறுகிறது என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்குச் சில பிள்ளைகளின் விடைகளைக் கொண்டே பொதுவான மறுமொழி காணலாம். பின்னதற்கு ஒவ்வொரு பிள்ளையின் விடைக்குப் பின்னாலுள்ள வழியையும் அறிதல் வேண்டும். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பரீட்சையால் விடை காண முயன்று, அவ்விடைக்கு ஒரு விலையும் குறித்தபோது, அப்பரீட்சை இரண்டையும் அளக்காது போயிற்று. துணிக்கணக்கிலே ஐந்து என்று தவறாக எழுதிய நாலாவது பிள்ளையிடம், 'இதை எப்படிக் கண்டாய்?' என்று கேட்டிருந்தால், எட்டிலொரு பங்கு என்று அவன் சரியாகவே கண்டிருந்தது வெளிப்பட்டிருக்கும். அக்கேள்விக்கு விதிக்கோவையில் இடமிருக்கவில்லை.